குழுவைப் பூட்டலாம், கணக்கைப் பூட்ட முடியாது

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மாதம் 4,000 ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். கணக்குக் கேட்டால் செயலாளர் முகம் கொடுப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று பூட்டிவிட்டார்கள். என்ன செய்ய?

பதில்: வாய்க்குப் பூட்டுப் போட்டால் போகட்டும், பேனாவுக்கு ஏது பூட்டு? கணக்கு கேட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால், ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைத்தே தீர வேண்டும். அப்படியும் மசியவில்லையா? உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். 90 உறுப்பினர் என்றால் 30 கையெழுத்து. படியேறிக் கதவைத் தட்டுங்கள்; எதிர்வீட்டுக்காரர் பெயராவது தெரியவரும்!

செயலாளர்மீது எடுத்த எடுப்பில் பழி போடாதீர்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன். திருடுபவரைவிட எழுதிவைக்கச் சோம்பல்படுபவரே அதிகம்.

எங்கள் குடியிருப்பிலும் இதே சண்டை இருந்தது. பிறகு மாதம் முதல் தேதி லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்ட ஆரம்பித்தார்கள்: தண்ணீர் லாரி எத்தனை, ஜெனரேட்டர் டீசல் எவ்வளவு, வாட்ச்மேன் சம்பளம், கையிருப்பு. ஒருமுறை மோட்டார் காயில் கட்டிய செலவைப் பார்த்த மூன்றாம் மாடி அம்மா, பாதி விலைக்குச் செய்யும் மெக்கானிக்கை அன்று மாலையே கூட்டிவந்துவிட்டார்.