சிஸ்டம் தம்பி

திருப்பூர் அவிநாசி ரோட்டின் பெரிய பனியன் கம்பெனிகளில் சிஸ்டம் தம்பி ஒருவர் கட்டாயம் இருப்பார். வயது நாற்பதைத் தாண்டினாலும் தம்பிதான். மெர்சண்டைசரின் பிரிண்டர், கேட்டிலுள்ள சிசிடிவி, வாரச் சம்பளப் பட்டியல், பேக்கிங் செக்‌ஷனின் பார்கோடு எல்லாம் அவர் தலையில். ஆர்டர் கணக்கு சாஃப்ட்வேர் டாக்கர் கண்டெய்னரில் ஓடுகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த சேதி.

அந்தக் கண்டெய்னருக்கு அச்சான அடிப்படை இமேஜ், டெபியன் 10 என்ற லினக்ஸ் பதிப்பு. 2019 ஜூலையில் வெளிவந்தது. நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. இனி கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு டெபியன் பேட்ச் தராது. கிரே துணியிலேயே ஓட்டை இருந்தால் மேலே எத்தனை கலர் பிரிண்ட் போட்டும் பயனில்லை என்று செக்கிங் அக்காக்கள் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டால், "ஓடீட்டு இருக்குதுங்க, எதுக்குங்க நோண்டோணும்?" என்பார்.

சும்மா இருப்பவரும் அல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை உலகையே கலக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னருக்குள் இரவோடு இரவாக நுழைந்து அந்த லைப்ரரியின் பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் கண்டெய்னரை அழித்துப் புதிதாகக் கிளப்பியதும், இமேஜில் இருந்த பழைய ஃபைல் பத்திரமாகத் திரும்பி வந்தது. இமேஜையே திருத்திக் கட்டாதவரை அப்படித்தான்.

பிறகு கட்டவும் செய்தார். அடிப்படை இமேஜைப் புதிதாக இழுக்கும் 'புல்' ஆப்ஷனைப் போடவில்லை. சர்வரில் கிடந்த பழைய அடுக்குகளையே வைத்து வேலை நொடியில் முடிந்தது. அந்த வேகத்தில் அவருக்குப் பெருமை வேறு.

ஐரோப்பிய பையரின் பாதுகாப்புக் கேள்வித்தாள் வந்த வாரம்தான் அவருடைய திறமை முழுதாக வெளிப்படும். இமேஜில் உள்ள ஓட்டைகளைத் தேடும் டிரிவி ஸ்கேனரை ஓட்டுவார். திரை முழுக்கச் சிவப்பு. பேட்ச் இல்லாத ஓட்டைகளைக் காட்டாதே என்றொரு ஆப்ஷன் அதில் உண்டு, அதைப் போடுவார். ஆதரவு முடிந்த பதிப்பில் புது ஓட்டைக்குப் பேட்ச் ஏது? பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். இந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்தது என்று ஸ்கேனர் தரும் எச்சரிக்கை வரி, பிரிண்ட் எடுக்கும்போது எப்படியோ விடுபட்டுப்போகும்.

இமேஜைக் கட்டும் செய்முறையான டாக்கர்ஃபைலின் முதல் வரியில் புதிய பதிப்பைப் போட்டு, சோதித்து, அதன்பின் வாரம் ஒருமுறை புதிதாக இழுத்துக் கட்டினால் போதும். கம்பெனிக்கு லீவான ஞாயிறு அதற்குத் தோதான நாள். ஆனால் முதலாளி, "மொதல்ல ஷிப்மென்ட் போகட்டும் கண்ணு" என்பார். திருப்பூரில் ஷிப்மென்ட் போகாத வாரம் எது?

சைபர் ஊடுருவல் நடந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு. அந்த அறிக்கையை எழுதப்போவதும் சிஸ்டம் தம்பிதான்.