அண்ணாச்சியின் ஹிட்ஸ்

2000ஆம் ஆண்டுவாக்கில் சர்வர் லாகுக்கு எந்த மரியாதையும் கிடையாது. டிஸ்க் நிறைந்தால் முதலில் அழிக்கப்படுவது அதுதான். திறந்து பார்த்தாலும் சுவாரசியம் இருக்காது: ஓர் ஐபி எண், இரண்டு சிறுகோடுகள், நேரம், கேட்ட ஃபைலின் பெயர், 200 அல்லது 404, போன பைட்டுகளின் கணக்கு. முதல் சிறுகோடு, கேட்டவர் யார் என்று அவருடைய கணினியே சொன்னால் குறித்துக்கொள்ள விட்ட இடம். எந்தக் கணினியும் சொல்லி நான் பார்த்ததில்லை. இரண்டாவது, பாஸ்வேர்டு போட்டு நுழைபவர் பெயருக்கு. சேலை பார்க்க யார் பாஸ்வேர்டு போட்டு வரப்போகிறார்கள்?

சேலை என்றது தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரை நினைத்து. அவர் வெப்சைட் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. "கடைக்குள்ள எத்தனை பேர் வந்தாங்கன்னு வாட்ச்மேன் சொல்லிருவான். இதுக்குள்ள வந்தவங்களை யாரு தம்பி எண்ணுவா?" என்றார். நியாயமான கேள்வி. எண்ணுவதற்கு இலவசமாகவே இரண்டு கருவிகள் இருக்கின்றன என்றேன். இலவசம் என்றதும் முகம் மாறிவிட்டது. "சும்மா குடுக்கான்னா அதுல என்ன கோளாறு?"

ஒன்று அனலாக். ஸ்டீபன் டர்னர் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புள்ளியியல் ஆய்வகத்தில் இருந்தபோது 1995இல் வெளியிட்டது. புள்ளியியல்காரர் என்பதால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் கையேட்டில் விளக்கியிருந்தார். எத்தனை கோரிக்கைகள் வந்தன என்று சொல்லலாம். எத்தனை ஆட்கள் என்று சொல்ல முடியாது. ஒரு ப்ராக்ஸிக்குப் பின்னால் ஓர் ஆபீஸே உட்கார்ந்திருக்கலாம். டயல்-அப் அறுந்து அறுந்து சேரும் ஒரே ஆள் ஐந்து ஐபியாகத் தெரியலாம். பார்த்த பக்கத்தை பிரவுசர் தன் கேஷிலிருந்தே எடுத்துக்கொண்டால் லாகுக்குச் சேதியே வராது. இதை நான் அண்ணாச்சிக்கு விளக்கி முடித்ததும், "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கருவியா?" என்று கேட்டார்.

ஆகவே மற்றதைக் கொடுத்தோம். வெபலைசர், பிராட்ஃபோர்ட் பாரெட் எழுதியது, 1997இல் வந்தது. ஒரு ஃப்ளாப்பியில் இடம் மிச்சம் வைத்து அடங்கும். படம் வரைய ஜிடி என்ற லைப்ரரியும் வேண்டும், அதற்கு இன்னொரு ஃப்ளாப்பி. அந்த இரண்டும் எங்களிடமிருந்து எத்தனையோ கம்பெனிகளுக்குப் போய், சில சமயம் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. நகலெடுத்துக் கொடுப்பதை அவற்றின் உரிமமே அனுமதிக்கிறது என்றால் யாரும் நம்பவில்லை. ஒரு கம்பெனியில் எனக்கு ரசீது கேட்டார்கள்.

வெபலைசரும் தோராயக்காரர்தான். அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு அதே ஐபி மறுபடி எட்டிப் பார்த்தால் அது இன்னொரு வருகை. ஆனால் பச்சையிலும் நீலத்திலும் மஞ்சளிலும் பட்டை போட்டுக் காட்டும். எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்பது பச்சை, அதுதான் ஹிட்ஸ். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சின்னப் படமும் ஒரு ஹிட் என்பதை எங்கள் டிசைனர் சீக்கிரமே புரிந்துகொண்டார். பேனர் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி டேபிளில் அடுக்கினார். பார்வைக்கு ஒரே படம், பச்சைக்கு ஏற்றம். அண்ணாச்சி ஊதிய உயர்வுக்குச் சிபாரிசே செய்தார்.

மணிவாரிப் படத்தில் நள்ளிரவில் கூட்டம் முண்டியடித்தது. "ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாரு சேலை பாக்காங்க? அமெரிக்காக்காரங்களா?" அமெரிக்காவில் இருந்தது சர்வரும் அதன் கடிகாரமும் மட்டும். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை பத்துப் பதினொன்று. பார்த்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆபீஸ்காரர்கள், வேலை நேரம்.

2001 ஜூலையில் கோட் ரெட் என்ற கணினிப் புழு கிளம்பியது. மைக்ரோசாஃப்ட் சர்வர்களைத் தேடிக் கதவு கதவாகத் தட்டியது. எங்களுடையது அப்பாச்சி என்பதால் பாதிப்பில்லை, ஆனால் தட்டியதெல்லாம் லாகில் விழுந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பச்சைப் பட்டையில் அப்படி ஒரு திருப்தி. ஆடித் தள்ளுபடி விளம்பரம் வேலை செய்கிறது என்றார்.

2005இல் கூகுள், அர்ச்சின் என்ற கம்பெனியை வாங்கி, அந்த நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. சில நாட்களிலேயே கூட்டம் தாங்காமல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவைத்தார்கள். இந்த முறை என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. லாக் நம் டிஸ்கில்தான் இருந்தது. வந்தவர்களின் கணக்கு மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது கடை அண்ணாச்சியின் மகன் கையில். டாஷ்போர்டில் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, ஆர்டர் ஏறவில்லை, ஏன் என்று பார்க்கச் சொன்னார். கோஅக்ஸஸ் என்ற இலவசக் கருவியை ஒரே கட்டளையில் நிறுவினேன். ஃப்ளாப்பி இல்லை, ரசீது இல்லை. தட்டுப்பாடு லாகுக்குத்தான். சர்வருக்கு முன்னால் இடைச்சேமிப்பு செய்யும் நிறுவனம் ஒன்று நிற்கிறது; அந்த டாஷ்போர்டும் அதனுடையதுதான். கூட்டம் வரும் பக்கங்களை அதுவே கொடுத்து அனுப்பிவிடும். எங்கள் லாகில் ஒரு வரிகூட விழாது. அங்குள்ள முழு லாகும் வேண்டுமென்றால் அவர்களுடைய மிகப் பெரிய திட்டத்தில் சேர வேண்டும். அரசாங்கத்தின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவோ, லாகை 180 நாள் பத்திரமாக வைத்திரு என்கிறது. ஒருகாலத்தில் குப்பை என்று நாங்கள் அழித்ததற்கு இன்று விலைப்பட்டியல்.

யாரும் சீண்டாத பழைய பக்கங்களையும் இல்லாத பக்கங்களையும் தோண்டுகிறவர்கள் மட்டும் எங்கள் சர்வர் வரை வந்தார்கள். வேர்ட்பிரஸே இல்லாத தளத்தில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடும் திருடர்கள் ஒருபுறம். ஜிபிடிபாட் போலப் பெயர் சொல்லிக்கொண்டு வரும் ஏஐ ரோபோக்கள் மறுபுறம். 2008 தீபாவளி கலெக்‌ஷன் பக்கத்தை வரி விடாமல் பார்த்திருந்தன.

"அதையெல்லாம் படிச்சிருக்காங்களா அங்கிள்?"

"படிச்சிருக்கு."

ரோபோட்ஸ் ஃபைலில் 'வராதே' என்று நாலு வரி சேர்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் ரோபோக்கள் நின்றுகொண்டன; டாஷ்போர்டு கோடு சரிந்தது. அந்த வாரமே போன் வந்தது. முதலீட்டாளர் ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறதாம். "அந்த நாலு வரியை மட்டும் எடுத்துருங்க அங்கிள், மார்ச் முடியட்டும்."