மாடித்தோட்டத்து அண்ணாச்சி

பங்குனி வெயிலுக்குச் சங்கரன்கோவிலில் மொட்டைமாடியில் வற்றல்கூடச் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். மாடித்தோட்டத்து அண்ணாச்சி மட்டும் அப்போதுதான் மேலே ஏறுவார். ஓய்வூதியம் வாங்குபவர், தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

ஊரைச் சுற்றிக் கரிசல். ஈரத்தில் காலைப் பிடிக்கும், காய்ந்தால் வெடிக்கும் அந்த மண் தொட்டிக்கு ஆகாது என்று செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் விலைக்கு வாங்கி ஏற்றியிருப்பார்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பார் மதினி.

"அது காட்டுக்குச் சொன்னது. இது மாடில்லா?"

இளவேனிலுக்கு அண்ணாச்சி அகராதியில் தக்காளி என்று அர்த்தம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். அவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். எதிர்வீட்டுக்காரர் கண் பட்டுவிட்டது என்று படிகாரம் கட்டுவார். மதினியின் சேலை ஒன்று நிழல்பந்தலாகும். விசைத்தறி ஓடும் ஊரில் சேலைக்கா பஞ்சம் என்பது அவர் வாதம். (அது கல்யாணச் சேலை என்பது மதினியின் வாதம்.) வெயிலுக்கு அசராத கொத்தவரையும் வெண்டையும் தங்கள் பாட்டுக்குக் காய்க்கும், அவற்றை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி தந்த வெள்ளைக் கத்தரி மட்டும் விதிவிலக்கு. முட்டை போல ஒன்று காய்த்தால் போதும், உறவினர் அத்தனை பேருக்கும் போட்டோ போய்விடும்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் என்பது கணக்கு. அண்ணாச்சி கை சற்றுத் தாராளம். அன்று பக்கத்து மாடிகளில் துணி காயாது.

ஏணி இரவல் கேட்டு வந்தவர் செம்பருத்தியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைக் காட்டித் தொலைத்தால் கதை முடிந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது, அதை ஒழிக்க 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பொடிக் குளவிகளை வரவழைத்தது, அது மல்பெரி, மரவள்ளியை எல்லாம் காப்பாற்றியது என்று வரலாறு ஓடும். ஏணி மறுநாள்தான் கிடைக்கும்.

ஆடித்தபசு அன்று கோமதி அம்மன் தவக்கோலத்தில் எழுந்தருளும்போது சுற்றுவட்டாரச் சம்சாரிகள் பருத்தி, மிளகாய் வற்றல் என விளைந்ததைச் சூறைவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சியும் ஒரு கைப்பிடி வற்றலோடு, "நானும் சம்சாரிதாம்லா" என்று முண்டியடிப்பார். அருகே நிற்க நேர்ந்தால் வழிவிடுங்கள். அதில் பாதி மார்க்கெட்டில் வாங்கியது. மதினிக்குத் தெரியும், அம்மனுக்கும் தெரியும், நீங்கள் கிளற வேண்டாம்.