பேரண்ட்ஸ் அந்தப் பக்கம்

காரைக்காலில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு எம்.பி.பி.எஸ். எதற்கு என்பது ஊரின் பொது அபிப்பிராயம். ஜுரமோ, வயிற்றுப்போக்கோ, மருமகளோடு சண்டை போட்டதில் வந்த தலைவலியோ, முதலில் என் கவுண்டருக்குத்தான் வருவார்கள். "டாக்டரே, ரெண்டு மாத்திரை குடுங்க. கேக்கலேன்னா டாக்டர்கிட்ட போறேன்" என்று ஒரே மூச்சில் இரண்டு டாக்டர்களை உண்டாக்குவார்கள். முதலாமவர் நான். படிப்பு டி.பார்ம்., வயது 46.

இரண்டாமவராகவும் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை பிளஸ் டூ காலத்திலிருந்தே உண்டு. அப்போது புதுச்சேரி ஜிப்மர் தனியாக நுழைவுத்தேர்வு நடத்திவந்தது. எழுதினேன். அவர்களுக்கு என்னை எடுத்துக்கொள்ளும் உத்தேசம் இருக்கவில்லை. நானும் பார்மசிக்குப் போய், கடை போட்டு, கல்யாணம் முடித்து, அந்த விஷயத்தை மறந்தும்விட்டேன். அப்புறம் 2016இல், நான் ஜிப்மருக்குப் போகாத குறைக்கு ஜிப்மரே காரைக்காலுக்கு வந்துவிட்டது. கிளைக் கல்லூரி, 50 சீட்டு. சாயங்காலமானால் அந்தப் பிள்ளைகள் என் கடைக்கு வந்து கொசுவர்த்தியும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வாங்குவார்கள். வருங்கால இருதய நிபுணர் ஒருவர் பேதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று என்னிடம் கேட்டுப் போன அன்றுதான் பழைய ஆசை மறுபடி கிளம்பியது.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. நீட் எழுத 25 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயது என்று ஒரு காலத்தில் வரம்பு வைத்திருந்தார்கள். அது கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து, கடைசியில் 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது வரம்பே கிடையாது என்று சொல்லிவிட்டது. கீழ்வரம்பு மட்டும் 17. அதை நான் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

ஆணையம் வரம்பை எடுத்த செய்தி தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலைபார்த்து, அங்கிருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு வருவார். நான் நீட் எழுதப்போகும் விஷயத்தைக் கேள்விப்பட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, படிப்பு நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். நீ கோட்டு மாட்டிக்கிட்டு வர்றப்ப எனக்குத் தொண்ணூறு. படிக்கிறது உன் இஷ்டம். கடையை மட்டும் மூடிடாதே."

என் மனைவி எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "ஹாஸ்டல்ல துணியெல்லாம் நீங்களே துவைச்சுக்கணும், தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டாள். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் மகள்தான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். பிறந்த தேதிக்காக வருஷப் பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனவள், "அப்பா, உங்க வருஷத்துக்குப் போறதுக்குள்ள நெட் கட்டாயிடும்போல" என்றாள்.

மருந்துக்கடைக்காரனுக்கு இந்தப் பரீட்சையில் பாதி தெரிந்த சமாசாரமாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். பிளஸ் டூ வேதியியலில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' என்று ஒரு பாடம் இருந்தது. அமில முறிவு மருந்து, வலி நிவாரணி, ஆன்டிபயாடிக், கிருமிநாசினி என்று என் கடை அலமாரியை அப்படியே தூக்கிப் புத்தகத்தில் வைத்த பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். என்.சி.ஈ.ஆர்.டி. சுமையைக் குறைக்கிறோம் என்று புத்தகத்தை வெட்டியபோது அந்தப் பாடமும் போனது. 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 17 வயதுப் பிள்ளைகள் பாரம் குறைந்தது என்று கொண்டாடினார்கள். நாடு முழுவதிலும் அதற்காகத் துக்கம் கொண்டாடிய பரீட்சார்த்தி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதே 2024 பாடத்திட்டத்தில் விலங்கியல் பகுதியில் பூச்சி என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் தவளை என்று போட்டிருந்தது. முன்பு கரப்பான் இருந்த இடம். கரப்பானை அடித்துத் தவளையைப் போட்டவர் பூச்சியை அடிக்க மறந்துவிட்டார். மழைக்காலத்தில் அரசலாற்றங்கரைப் பக்கம் ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான். ஆனாலும் மேலிடம் பூச்சி என்றால் பூச்சிதான் என்று குறித்துக்கொண்டேன். பரீட்சைக்குப் படிக்கிறவன் தவளைக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

மாம்பழ விஷயத்தில்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். காரைக்கால் அம்மையாருக்கு ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து கூடை கூடையாகக் கனிகளை வீசுவார்கள், கீழே ஆயிரக்கணக்கான கைகள் நீளும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு மாம்பழம் என்றால் எட்டிப் பிடிக்கிற சங்கதி. உயிரியல் புத்தகத்தில் அதன் பெயர் ட்ரூப். தின்கிற சதை மீசோகார்ப், கொட்டையின் ஓடு எண்டோகார்ப். தேங்காயும் ட்ரூப்தானாம், அதில் நார்தான் மீசோகார்ப். போன ஆனியில் பக்கத்துவீட்டு அக்கா பிரசாதம் கொடுக்க, நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "குடும்பம் அனகார்டியேசி, வரிசை சபின்டேல்ஸ்" என்று முணுமுணுத்திருக்கிறேன். அந்த அக்கா ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இயற்பியலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதுவும் என்னைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். முதல் நாள் வாசலில் உட்கார்ந்திருந்த பெண், "பேரண்ட்ஸ் அந்தப் பக்கம் சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலி வரிசையைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் ஃபாரத்தை நீட்டினாள். அதில் 'பெற்றோர் அல்லது கார்டியன் கைபேசி எண்' என்ற கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் மேலே நகராதாம். என் அப்பா இல்லை, அம்மாவுக்குக் காது கேட்காது. மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அந்த ஒரு கட்டம் என் குடும்பத்தின் அதிகார அமைப்பையே மாற்றிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட் முடிந்ததும் அவளுக்கு மெசேஜ் போகும்: 'டியர் பேரண்ட், உங்கள் வார்டு இன்று பெற்ற மதிப்பெண் 720க்கு 96. கூடுதல் கவனம் தேவை.' நான் வீடு திரும்புவதற்குள் அவள் கூடுதல் கவனத்தோடு காத்திருப்பாள். ஒரு தடவை பெற்றோர் கூட்டத்துக்கும் போய்வந்தாள். "பையன் நல்லாத்தான் படிக்கிறான், மதியம் சாப்பாட்டுக்கப்புறம் தூங்கிடறான்னு சார் சொன்னார்" என்றாள். "பையன்னா சொன்னாரு?" என்றேன். "பழக்கதோஷம்" என்றாள்.

வகுப்பில் பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். இயற்பியல் நடத்திய தம்பிக்கு வயது 26 இருக்கும். அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். டார்க் என்றால் என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் நாலு சார் ஓடிவிடும்.

என்னுடைய உண்மையான பகை நெகட்டிவ் மார்க்தான். சரியான விடைக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று, தெரியாவிட்டால் விட்டுவிடு, பூஜ்யம். பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். என்னால் முடியாது. கவுண்டரில் நிற்கிறவன் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். கேட்ட மாத்திரை இல்லையென்றால், "அது வரல, இதே காம்பினேஷன் வேற கம்பெனி இருக்கு, தரட்டுமா?" என்போம். கேள்வித்தாளிலும் அதையே செய்தேன். கேட்ட விடை நாலில் எது என்று தெரியவில்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே காம்பினேஷனில் 'சி' இருக்கிறதே! கடையில் அதற்குப் பெயர் வியாபார சாமர்த்தியம். ஓ.எம்.ஆர். தாளில் மைனஸ் ஒன்று.

இதற்கு நடுவே ஊரின் பூகோளம் வேறு. காரைக்கால் தமிழ்நாட்டின் நடுவில், ஆனால் தமிழ்நாட்டில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பினார்கள், சட்டப்படி 1962இல்தான் முழுதாகக் கைமாறியது. அவர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு மட்டும் எங்கேயும் கிளம்பவில்லை. இங்கிருந்து அரை மணி பஸ்ஸில் நாகப்பட்டினம். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அந்தப் பக்கம் திருவாரூரில் இன்னொன்று. இரண்டிலும் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களில் நமக்கு உரிமை கிடையாது, அகில இந்திய 15 சதவீதத்தில் வேண்டுமானால் அசாம்காரரோடும் குஜராத்காரரோடும் மோதிப் பார்க்கலாம். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி நம் பக்கம் சரக்கு வாங்க வருகிற நாகூர், நாகைக்காரர்கள், சீட்டு விஷயத்தில் மட்டும் இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவிடுகிறார்கள். நியாயம்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவர்களுடைய 7.5 சதவீதம் அவர்களுக்கு, நம்முடைய 10 சதவீதம் நமக்கு. ஆனால் நான் படித்தது என்னவோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். புதுச்சேரிக்கென்று சொந்தமாகத் தேர்வு வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு போர்டு, மாஹே கேரள போர்டு, ஏனாம் ஆந்திர போர்டு. ஒரே அரசாங்கத்தின் பிள்ளைகள் மூன்று மாநிலத்துப் பரீட்சை எழுதினோம். இப்போதுதான் அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ.க்கு மாற்றியிருக்கிறார்கள்.

எனக்குப் பரீட்சை மையமும் புதுச்சேரியில் விழுந்தது. 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பி.ஆர்.டி.சி. பஸ் ஏறி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாடு முழுக்கக் கும்பிடு போட்டுக்கொண்டே போய், மறுபடி நம் மாநிலத்தில் இறங்கினேன். பஸ்ஸில் பாதிப்பேர் பரீட்சைப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும். ஒரு அம்மா என்னிடம், "உங்க புள்ளை எங்க உக்காந்திருக்கு?" என்றார். நான் பின்சீட்டுப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டிவைத்தேன்.

இரண்டு மணிக்குப் பரீட்சை, ஒன்றரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அரைக்கைச் சட்டை, சாதாரணச் செருப்பு, வாட்ச் கூடாது, பேனாவும் அவர்களே தருவார்கள். எல்லாம் சரியாகத்தான் போனேன். கேட்டில் ஒருவர், "பேரண்ட்ஸ் அந்தப் பக்கம்" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், தன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார், அப்புறம் வழிவிட்டார். அடுத்து மெட்டல் டிடெக்டர். இடுப்புக்கு வந்ததும் கீ என்று கத்தியது. வெள்ளி அரைஞாண்.

கழற்றச் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் போட்டது. இத்தனை வருஷத்தில் இடுப்பு வளர்ந்தது, அரைஞாண் வளரவில்லை. கொக்கி சதைக்குள் எங்கோ இருந்தது. மணி ஒன்று இருபது. வேலிக்கு வெளியே நின்ற அப்பாக்களில் ஒருவர் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, சாவிக்கொத்திலிருந்த நெயில் கட்டரை எடுத்து நீட்டினார். "மூச்சை உள்ளே இழுங்க சார், இன்னும், இன்னும்" என்று காவலாளி உற்சாகப்படுத்த, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். டக்கென்று தெறித்தது. மூன்று மணி நேரம் என் மாமனார் வீட்டுச் சீர் முன்பின் தெரியாத ஒரு தகப்பனாரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் வில்லியனூர்க்காரர். பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது அரைஞாணைக் கொடுத்துவிட்டு, "கெமிஸ்ட்ரி எப்படி?" என்றார். அவருடைய மகளிடம்கூட அதற்கப்புறம்தான் கேட்டார்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். 180 கேள்வி, 180 நிமிஷம். இயற்பியல் அந்த வருஷம் எல்லோரையும் அழவைத்தது. மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் பக்கத்துப் பையனிடம் "பார்த்து நிதானமா எழுதுடா கண்ணா" என்றவர், என்னிடம் வந்ததும் "காபி எதுவும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார்கள். 46 வயதுக்காரன் மூன்று மணி நேரத்தில் எத்தனை மடக்கு குடிக்கலாம் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கணக்கு. அதை மட்டும் சரியாகப் போட்டேன்.

ஜூன் 14இல் ரிசல்ட். 158. ஐம்பத்திரண்டு சரி, ஐம்பது தப்பு. அந்த ஐம்பதிலும் வேற கம்பெனி விற்றிருக்கிறேன். ஆனால் பொதுப்பிரிவுக்கு அந்த வருஷக் கட்-ஆஃப் 144. அதாவது நான் தகுதி பெற்றவன்! மகள் படித்துச் சொன்னதும் மனைவி தெருவெல்லாம் "பாஸ்" என்று சொல்லிவிட்டாள். நாடு முழுக்கத் தகுதி பெற்றவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல், எம்.பி.பி.எஸ். சீட்டு ஒரு லட்சத்துச் சொச்சம் என்ற விவரத்தை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளே கடையில் வழக்கு ஆரம்பமானது. "பெரிய மனுஷன் போய் சின்னப் புள்ளைங்க சீட்டைப் பறிக்கலாமாண்ணே?" என்றான் மீன் ஏலம் எடுக்கும் ஒரு தம்பி. தர்மபுரிப் பக்கம் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வரை போய், ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த கதையையும் சொன்னான். இன்னொரு பக்கம், ஒடிசாவில் ஓய்வுபெற்ற ஸ்டேட் பேங்க் அதிகாரி 2020இல் 64 வயதில் நீட் எழுதிக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார் என்று நான் சொன்னேன். இருவருமே எனக்குப் பெரியவர்கள்தான். ஆனால் விட்டுக்கொடுப்பதற்கு முதலில் சீட்டு என்று ஒன்று கைக்கு வர வேண்டுமே தம்பி, 158ஐ யாருக்கு விட்டுக்கொடுப்பது?

ஜூலையில் தென்காசிப் பக்கத்து பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவர், 49 வயதில், மகளோடு சேர்ந்து படித்து எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. என் மனைவி அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். எனக்காக என்று நினைத்தேன். "நீயும் எழுதேன்டி, அப்பாவுக்குத் துணையா இருக்கும்" என்று மகளைப் பிடித்துக்கொண்டாள். மகள் அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறப்பதில்லை.

கோச்சிங்கில் என் பக்கத்து பெஞ்சில் இருந்த நெடுங்காட்டுப் பையனுக்கு ஜிப்மர் காரைக்காலிலேயே கிடைத்துவிட்டது. ஸ்வீட்டோடு கடைக்கு வந்தான். கூடவே ஒரு கட்டைப்பை, அதில் அவனுடைய இயற்பியல் நோட்டுகளும் கேள்வி வங்கியும்.

"அங்கிள், உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன். புதுசு மூவாயிரத்து எண்ணூறு. பாதி விலைக்குத் தர்றேன்."

"எழுதி அடிச்சதெல்லாம் இருக்கேடா. எம்.ஆர்.பி.ல இருபது பர்சென்ட்தான் போகும்."

"அடிச்சதெல்லாம் சரியான ஆன்சர் அங்கிள். அதுக்குத்தான் காசே."

ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்தோம். ஓ.ஆர்.எஸ். பத்துப் பாக்கெட் ஃப்ரீயாகக் கேட்டான், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி சீனியர்கள் சொல்லியிருப்பார்கள்போல. எட்டு கொடுத்தேன்.