காடும் மலையும் இல்லாத ஊரில் கூடாரம் அடிப்பது எப்படி?

கமரா வாங்குவது சுலபம். வாங்கியதை ஒளித்து வைப்பதுதான் கலை. வெளியில் போய்ப் படமெடுக்க ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு என்னுடைய முதல் அறிவுரை, சொந்தக்காரருக்குத் தெரியவிடாதீர்கள் என்பதே. "மூத்தவளின்ரை பெடியனிட்டைப் பெரிய கமரா ஒண்டு கிடக்காம்" என்ற செய்தி ஒரு மாமியின் காதில் விழுந்தால் போதும். அதற்குப் பிறகு உங்கள் சனி ஞாயிறுகள் சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் எழுதிவைக்கப்பட்டுவிடும். பூநாரைக்கென்று கடன்பட்டு வாங்கிய நீள லென்ஸ், ஆலாத்தி எடுக்கும் மாமிமாரின் அட்டியலை அளந்துகொண்டிருக்கும். ஒரு செத்தவீட்டை ரொறன்ரோவுக்கு நேரலையாகக் காட்டும் பொறுப்பும் வந்து சேரும். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்ததென்று சொல்லிவிடாதீர்கள், அடி விழும்.

இரண்டாவதாக, வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகங்களை மூடி வையுங்கள். அவற்றில் மலையுச்சி வரும், அருவி வரும், அடர்காடு வரும். நம்முடைய குடாநாட்டில் வளர்ந்த பனையொன்றின் உயரத்துக்குக்கூட நிலம் எங்கும் எழுவதில்லை. தொண்டைமானாறு என்று பெயரில் ஆறு இருப்பது கடல்நீரேரி. ஆறென்று மரியாதைக்குச் சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மற்றபடி இருப்பவை பனங்கூடல், தரவை, மணல், கடல், வேலி. வேலியைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கூடாரம் வாங்கும்போது கடைக்காரர் கம்பி முளைகள் ஒரு கட்டுத் தருவார். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். கீரிமலைப் பக்கம் சுண்ணாம்புக் கல், நெடுந்தீவில் முருகைக்கல். இரண்டிலும் முளை இறங்காது, வளைந்து நிற்கும். மணற்காட்டில் ஒரு தட்டிலேயே இறங்கும், காற்று வந்தால் அதைவிடச் சுலபமாக வெளியே வரும். தரவையில் சேறு முளையை விழுங்கிவிடும், காலையில் தேடித்தான் எடுக்க வேண்டும். குடாநாட்டு முறை வேறு. உரப்பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அதில் கயிற்றைப் பிணைத்துக் குழியில் தாழ்க்க வேண்டும். இதை எங்கே படிப்பதென்று காணொளிகளைத் துழாவாதீர்கள். வீட்டில் அம்மம்மா இருக்கிறாவா? அவவைக் கேளுங்கள்.

பகிடியாகச் சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அதற்குப் பிறகு இலட்சக்கணக்கான சனம் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தது. 2009இல் செட்டிகுளத்தில் அதே தறப்பாள் திரும்ப விரிந்தது. கூடார வாழ்க்கையில் பட்டம் பெற்ற ஒரு தலைமுறை நம் திண்ணைகளில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் முப்பதினாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நீலக் கூடாரத்தை முற்றத்தில் விரித்துப் பார்க்கும்போது அம்மம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றுவா. "உதுக்குக் காசு குடுத்தனியோ? எங்களுக்குச் சும்மா தந்தவங்கள்" என்பா. கோபப்படாமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அடுத்த வாக்கியம்தான் பாடம்: "வாசலை வாடைப்பக்கம் வைக்காதை. சுத்திவர ஒரு சாண் வாய்க்கால் வெட்டு. கயித்தை இறுக்கிக் கட்டாதை, நனைஞ்சால் துணி கிழியும்." எந்தக் கடையும் இந்தப் பாடத்தைப் பெட்டிக்குள் வைத்து விற்பதில்லை.

விளக்குக்கும் அவர்களிடமே போங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு திரியில் பரீட்சைக்குப் படித்தவர்கள் அவர்கள். பற்றரி வராத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள். உங்கள் கமராப் பற்றரி இறங்கிவிட்டதென்று அவர்கள் முன்னால் புலம்புவது உடம்புக்கு நல்லதல்ல. சித்தப்பா சைக்கிளைக் கவிழ்க்கத் தொடங்கிவிடுவார்.

இடம் தெரிவு செய்வதில் எல்லோரும் மணற்காட்டில் தொடங்குவார்கள். நீங்களும் தொடங்குங்கள். வடமராட்சிக் கிழக்கின் மணற்குன்றுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயம் என்று இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. மாலையில் நிழல்கள் நீளும்போது, கண்ணுக்குத் தெரியாத மணலலைகள்கூடப் படத்தில் எழும்பி நிற்கும். அங்கே நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரு மணல் உள்ளே போனால், குவியத்தைத் திருப்பும்போதெல்லாம் அம்மியில் மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரவில் அங்கே தங்குவதென்றால் விருந்தினருக்குத் தேத்தண்ணி போட்டு வையுங்கள். ரோச் வெளிச்சம் கண்டு முதலில் கடற்படையினர் வருவார்கள், கேரளக் கஞ்சா இறங்குகிறதோ என்று பார்க்க. அடுத்தது பொலிஸ். டிப்பர் எங்கே, மணல் எங்கே ஏற்றுகிறீர்கள் என்பது அவர்களுடைய கேள்வி. அவர்கள் போனபின் ஊர்ப் பெடியள் நாலைந்து பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். புதைத்த தங்கம் தேடுகிறீர்களோ என்று நேரே கேட்கமாட்டார்கள், கமராப் பையை மட்டும் கூர்ந்து பார்ப்பார்கள். நட்சத்திரத்தைப் படமெடுக்க வந்தோம் என்ற உண்மையை மூன்று கூட்டமும் நம்பாது. "உது உங்கடை வீட்டு முத்தத்திலை தெரியாதோ?" என்ற கேள்விக்கு இன்றுவரை எவரும் நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை. விடியப் புறம் வலைக்குப் போகும் ஐயா ஒருவர் மட்டும் எதையும் விசாரியாமல் "சாப்பிட்டியளோ?" என்பார். அவருக்கு மிச்சத் தேத்தண்ணியைக் கொடுங்கள்.

இனி வருவதைப் பகிடியாக வாசிக்க வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில், எவ்வளவு அழகான வெளிச்சம் விழுந்தாலும், தெருவை விட்டு ஓர் அடிகூட வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பதினைந்து வருடமாகியும் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மணற்பாங்கான கரைகளில் சுருட்டைப் பாம்பும் உண்டு. இரவில் திரியும் சாதி, மணல் நிறத்திலேயே கிடக்கும். தோட்டவெளிகளில் கண்ணாடிப் புடையன். சப்பாத்தில்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கல் வைக்கும் வைத்தியரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். புத்தகங்கள் பொன்மாலை நேரம் என்று ஒரு மணித்தியாலத்தை எழுதிவைத்திருக்கும். அது வடதுருவத்துக்குக் கிட்ட இருப்பவர்களின் சொகுசு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகை தள்ளி இருக்கிறோம், சூரியன் சரிந்து இறங்காமல் செங்குத்தாக விழுகிறது. விழுந்து 20 நிமிடம் சொச்சத்தில் இருட்டு. ஜூன் மாதத்து லண்டனில் அந்தி இதைப்போல இரண்டு மடங்கு நீளும். சங்குப்பிட்டிப் பாலத்தில் அந்தியைப் பிடிக்கப் போகிறவர் முக்காலியின் காலை நீட்டி, திருகி, மட்டம் பார்த்து நிமிர்வதற்குள் பக்கத்தில் நின்ற பெடியன் கைத்தொலைபேசியில் எடுத்து முகநூலிலும் போட்டிருப்பான்.

காலம் பார்க்கும்போது கலண்டரைவிடக் காற்றை நம்புங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும், புழுதி பறக்கும், முக்காலி நடுங்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும், கூடாரம் குளமாகும். ஆனால் மழை விட்ட மறுநாள் காலையில் தரவை முழுவதும் வானம் கிடக்கும். அந்த ஒரு காலைக்காக நனையலாம் என்பது என் கட்சி.

நட்சத்திரப் படக்காரருக்குப் பருத்தித்துறை முனை தனிச் சலுகை தருகிறது. துருவ நட்சத்திரம் அங்கே கடலிலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால், முட்டிக்கு மேலே அது. ஐரோப்பியப் படங்களில் நட்சத்திரத் தடங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும், நமக்கு அவை கடலுக்குள் இருந்து எழும்பும் வளையங்கள். இதே வானத்தை நம்பித்தான் வல்வெட்டித்துறையார் கப்பல் விட்டார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போனது. 20 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 25 விநாடி திறந்து வையுங்கள், அதற்கு மேல் நட்சத்திரம் கோடாகும். அடிவானத்தில் வரிசையாக மின்னுபவை மட்டும் எவ்வளவு நேரம் திறந்தாலும் வட்டமடிக்காது. அவை இந்திய இழுவைப் படகுகள். கரையில் நிற்கும் எந்த மீனவரிடமும் விளக்கம் கேட்கலாம், அறுந்த வலையையும் எடுத்துக் காட்டுவார்.

பூநாரைக்கு மண்டைதீவும் சுண்டிக்குளமும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. ஆகவே அங்கே கூடாரம் அடிக்க நினைத்தால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். பறவை ஏரியின் நடுவில் நிற்கும், நீங்கள் கரையில் நிற்பீர்கள். நூறு யார் நீங்கள் சேற்றில் நடந்தால், நூறு யார் அதுவும் நகரும், உடுப்பு நனையாமல். கடைசியில் கிடைக்கும் படத்தில் சில இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். வீட்டில் காட்டினால் "உது சொப்பிங் பைதானே?" என்பார்கள். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் இந்தப் பறவைக்குப் பூசும் சிவப்பை நம்ப வேண்டாம். நிற்கும்போது அது பெரும்பாலும் வெள்ளைதான், செட்டை விரித்தால்தான் சிவப்புத் தெரியும். விரிக்க வைப்பதற்காக ட்ரோனை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரிய உடம்பு தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்ப வேண்டும். உங்கள் ஒரு படத்துக்காக இரை தேடும் கூட்டம் முழுவதையும் ஓடவிடுவது பாவம்.

ட்ரோனுக்குச் சிவில் விமானத்துறையின் அனுமதி வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பிறகு கொஞ்சக் காலம் அது நாடு முழுவதும் தடையாகவே இருந்தது. பத்திரம் கையில் இருந்தாலும் குடிமனைக்கு மேலே விடுவதற்கு முன் யோசியுங்கள். வேவு விமானத்தை வண்டு என்று சொல்லிப் பங்கருக்குள் இறங்கிய சனம் கீழே இருக்கிறது. படைமுகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பாமலிருப்பது பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெடுந்தீவுக்குப் போகிறவர் குறிகட்டுவானில் படகேறும்போதே கமராவைப் பொலித்தீனால் சுற்றுங்கள், உப்புத் தூவானம் லென்ஸுக்கு எமன். பெருக்குமரத்தின் பொந்துக்குள் நின்று படமெடுப்பது அங்கே கட்டாயம், தப்ப முடியாது. அந்நியர் ஆட்சி விட்டுப்போன குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவை உங்களுக்கு எப்போதும் பின்புறத்தையே காட்டும். பொறுத்திருந்தால் ஒன்று திரும்பும், அந்த நேரம் பார்த்து உள்ளூர் அப்பு ஒருவர் நடுவில் வந்து நிற்பார். "தம்பி எவடம்? ஆற்றை பெடியன்?" ஊர், தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாம் சொல்லி முடித்து, அவருக்கு உங்கள் பெரியம்மாவைத் தெரியும் என்பது தெளிவாகும்போது குதிரை தீவின் மறுகரைக்குப் போயிருக்கும். அப்புவை எடுங்கள். முருகைக்கல் வேலியில் சாய்ந்துகொண்டு அவர் நிற்கும் அழகு எந்தக் குதிரைக்கும் வராது. ஆளில்லாத இயற்கை வேண்டுமென்று அடம்பிடிப்பவர் குடாநாட்டை விட்டு வேறெங்காவது போகலாம். இங்கே வெறுங்காணி என்று ஒன்றில்லை. ஒவ்வொரு பனைக்கும் ஓர் உறுதி, ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு வழக்கு.

உங்கள் படங்களை முகநூலில் போட்டதும் ஸ்காபரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அழைப்பு வரும். பூநாரையை யாரும் கேட்கமாட்டார்கள். "தம்பி, உந்தப் பக்கம் போகேக்கை எங்கடை வளவை ஒருக்கா எடுத்து அனுப்புவியே?" என்பார்கள். கிணற்றடி, மாமரம், கூரை போன குசினி எல்லாம் எடுத்து, நல்ல அந்தி வெளிச்சத்தில், பின்புலத்தை மங்கலாக்கி அனுப்புவீர்கள். அங்கேதான் பிழைக்கும். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பின்புலம், பக்கத்துக் காணிக்காரன் இந்த முறை வேலி அடைக்கும்போது கதியாலை எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறான் என்பது. ஆகவே வளவு எடுக்கப் போகும்போது துளையைச் சிறிதாக்கி, எட்டு அல்லது பதினொன்றில் வைத்து, எல்லைக்கல்லில் குவியுங்கள். படத்தில் திகதி விழும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள், மல்லாகம் நீதிமன்றத்தில் கேட்பார்கள்.