ஐந்தாவது எஸ்

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஸ்பேனர் தொலையவே தொலையாதாம். சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார்கள். ஸ்பேனரை எடுத்தவன் திருப்பி மாட்டாவிட்டால் வெறும் உருவம் பல்லைக் காட்டும். தரையில் மஞ்சள் கோடு; தள்ளுவண்டிகூடக் கோட்டைத் தாண்டி நிற்காது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்த கையோடு, "ஏம்மா, நெயில் கட்டர் எங்க?" என்பார். எங்கள் வீட்டில் நெயில் கட்டர் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கம்பெனியில் நடப்பதற்குப் பெயர் ஃபைவ் எஸ். ஜப்பான்காரர்கள் தொழிற்சாலைக்கு வகுத்த முறை. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. அதாவது வேண்டாததை விலக்கு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, இதையே முறையாக்கு, யாரும் சொல்லாமலே தொடர்ந்து செய். ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இந்த சார்ட் சாமி படத்துக்குச் சமமாகத் தொங்கும்.

வீட்டை அழகாக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவர் ஃபால்ஸ் சீலிங், புது சோபா என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பழைய சோபாவின் நிறமே துவைத்த துணிக்கு அடியில் போய் நாளாகிறது. "ஒண்ணும் வாங்க வேண்டாங்க. உங்க ஃபைவ் எஸ்ஸை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, போதும்" என்றேன்.

முதல் எஸ்ஸுக்குத் தொழிற்சாலையில் ரெட் டேக் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகமுள்ள பொருளில் தேதி எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டி ஓரமாக வைப்பார்கள். பெரும்பாலும் 30 நாள் கெடு. அதற்குள் யாரும் தேடி வராவிட்டால் வெளியே போய்விடும். வீட்டுக்காரர் அட்டை வெட்டித் தந்தார். நான் பரணில் ஏறினேன்.

பாலிதீன் கூடப் பிரிக்காத பரிசு சுவர்க்கடிகாரங்கள், மூடி மட்டும் மிஞ்சிய குக்கர், குக்கர் மட்டும் மிஞ்சிய மூடி, டிவி வந்த அட்டைப்பெட்டி ("வீடு மாறினா வேணும்" என்றார், இது சொந்த வீடு), தாம்பூலப் பைக்குள் தாம்பூலப் பை, அதற்குள் இன்னொன்று. எல்லாவற்றிலும் அட்டை கட்டினேன். கெடு முடியும் முன்பே அத்தை, அதாவது என் மாமியார், ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு போனார். "நல்ல டப்பா!" என்பது அத்தையின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

என் மகள் வேறு வழியில் முயன்றாள். வீட்டைச் சீராக்குவது பற்றி மேரி கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி 2010இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று கேளுங்கள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்பது அவர் சொல்லும் வழி. மகள் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பாட்டி கையில் கொடுத்துக் கேட்டாள். அத்தை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! கூடவே இன்னும் மூன்று பாட்டில் அலமாரிக்குத் திரும்பின.

இரண்டாவது எஸ்ஸில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வீட்டைக் குப்பையாக்குவது தூசியோ ஒட்டடையோ இல்லை, தட்டையான இடங்கள். தட்டையாக ஏதாவது இருந்தால் அதன் மேல் ஏதாவது வந்து உட்காரும். ஃபிரிட்ஜின் தலையில் மாத்திரைப் பட்டை, ரப்பர் பேண்ட், போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை. டைனிங் டேபிளில் கரண்ட் பில், ஊறுகாய் பாட்டில், பழைய பேட்டரி ("இன்னும் உசிரு இருக்கு"). அதில் சாப்பிட மட்டும் இடம் இல்லாததால் எல்லோரும் தட்டோடு டிவி முன்னால் தரையில் உட்கார்கிறோம்.

டேபிளில் ஒரே ஒரு பழக்கூடையை மட்டும் வைத்து, இரவு படுக்கப் போகும்போது மற்றதையெல்லாம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். காலையில் ஹாலுக்கு வந்த அத்தை, "டேபிள் புதுசா வாங்கினீங்களா?" என்றார். செலவில்லாத அலங்காரத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

அடுத்தது நாற்காலி. படுக்கையறையில் உட்காராத நாற்காலி ஒன்று எல்லோர் வீட்டிலும் உண்டு. ஒரு வேளை போட்ட சட்டை பீரோவுக்குப் போகும் அளவுக்குச் சுத்தமில்லை, துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கும் இல்லை. அந்தத் திரிசங்குத் துணிகளின் சொர்க்கம் அது. நாற்காலியைத் தூக்கிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு கொக்கி அடித்தேன். ஒன்றுதான். ஒரு கொக்கியில் தொங்கும் துணிக்கு அளவு உண்டு. மூன்றாவது சட்டை தானாகவே கீழே விழுந்து வாஷிங் மெஷினுக்கு வழி கேட்கும்.

செய்சோ, செய்கெட்சு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பழைய பனியனும் போதும். ஐந்தாவதுதான் ஆளைக் கொல்லும். கம்பெனியிலேயே ஆடிட் என்றால்தான் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியுமாம். நமக்கு ஆடிட்டர் சொந்தக்காரர்கள். "பக்கத்துலதான் இருக்கோம், பத்து நிமிஷத்துல வர்றோம்" என்று போன் வந்ததும் ஹாலில் கிடப்பதெல்லாம் ஒரே வாரலில் படுக்கையறைக்குள் போகும், கதவு சாத்தப்படும். வந்தவர், "வீட்டைச் சுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேரி கோண்டோவே மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, முன்பு மாதிரி வீட்டைச் சீராக வைப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டேன் என்று 2023இல் சொல்லிவிட்டார். அதைப் படித்த அன்று எனக்கு நல்ல தூக்கம்.

ஆனால் யாரும் சொல்லாமல், எந்த ஆடிட்டும் இல்லாமல் தினமும் ஒரு வேலை எங்கள் வீட்டில் நடக்கிறது. விடிந்ததும் அத்தை வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். காரணம் கேட்டால், "எழுந்தா போட வேண்டியதுதானே" என்பார். எழுந்திருப்பதோடு கோலத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பால் காயும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில் மேடையைத் துடைத்து, டப்பாக்களை ஏற்றி, பத்துப் பாத்திரத்தை ஒழித்துவிடுகிறேன். பால் பொங்கும்போது மேடை கண்ணாடி. வீட்டுக்காரருக்கும் ஒரு முடிச்சு: செருப்பைக் கழற்றும் கையோடு அதை ஸ்டாண்டில் வைக்க வேண்டும். அதற்கு முதலில் ஸ்டாண்டிலிருந்த பழைய பேப்பரை எடைக்குப் போட வேண்டியிருந்தது.

போன வாரம் பரணுக்கு மறுபடி அட்டை கட்டலாம் என்று தேடினேன். சிவப்பு அட்டைகளைக் காணோம். "நல்ல அட்டை, தூக்கிப் போடுவாங்களா?" என்று அத்தை ஒரு ஸ்வீட் டப்பாவை நீட்டினார். அத்தனையும் நூலோடு அடுக்கியிருந்தது. மூடியில் "ரெட் டேக்" என்று எழுதி ஒட்டியுமிருந்தது. முதல் எஸ்ஸில் அத்தை பெயில்தான். இரண்டாவதில் அவரை அடித்துக்கொள்ள ஒரகடத்திலேயே ஆளில்லை. நெயில் கட்டர்? அதுவும் அந்த டப்பாவில்தான் இருந்தது.