டை கட்டுனா தமிழ் வருமா தம்பி?

இன்னா தம்பி, புள்ளைய ஆரணியில எல்.கே.ஜி. சேர்க்கப் போறியாமே? மஞ்ச வேன் படவேட்டுக்கே வந்து அள்ளிக்கினு போவுதாம். போவட்டும். நாலு வயசுப் புள்ள. கழுத்துல டை, கால்ல ஷூ, முதுகுல அதைவிடப் பெரிய பை. ஜவ்வாது மலை ஏறப் போறானா, அ, ஆ படிக்கப் போறானா?

நம்மூரு பள்ளிக்கூடத்துக்கு இன்னா கேடுன்னு கேட்டேன். "தரம் இல்ல பெரியப்பா"ன்னே. தரத்தை எத வச்சுப் பாத்தே? செவுத்துப் பெயின்டை வச்சா, கேட்டுல நிக்கிற வாட்ச்மேனை வச்சா? பட்டு வாங்கத் தெரிஞ்சவன் ஜரிகை மினுக்குறதப் பாக்க மாட்டான். பொடவையத் திருப்பிப் போட்டு, உடம்பும் கரையும் சேர்ற கோர்வைய வெரலால தடவிப் பாப்பான். நீ திருப்பிப் பாத்தியா?

எங்க காலத்துல கோர்வைத் தறின்னா கரைப் பக்கம் நாடா தள்ளிவிட ஒரு பொடியன் வேணும். எட்டு வயசுல குழித்தறி பக்கத்துல குந்த வச்சுருவாங்க. அவனுக்கு ஏது பள்ளிக்கூடம்? 1956-ல காமராசர் மதியச் சோறு போட்டாரு. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவுன்னு அதப் பெருசாக்கினாரு. சோத்தப் போட்டா படிப்பு வந்துருமான்னு நம்மூரு பெரிய மனுசங்க அப்பவும் சிரிச்சாங்க. சிரிச்சவங்க வூட்டுல வேளாவேளைக்கு அடுப்பு எரிஞ்சுது. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சாங்களே காலைச் சோறு, அடுத்த வருசமே அரசாங்கத் தொடக்கப் பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் வந்துச்சு. விடியக்காலையிலயே வேலைக்குக் கெளம்புற தாய்க்குத்தான் தெரியும் அந்த உப்புமாவோட அருமை. நீ ஹார்லிக்ஸ் குடிச்சு வளந்தவன், வுடு.

அதுக்காக நம்ம பள்ளிக்கூடம் சொர்க்கம்னு சொன்னனா? ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்துல இன்னா எழுதியிருக்கான்? அறுபது புள்ளைங்க வரைக்கும் ரெண்டு வாத்தியாரு போதும்னு 2009-லயே எழுதிட்டான். ரெண்டு பேரு, அஞ்சு வகுப்பு. நீயே வகுத்துப் பாரு, மீதி வருதா? அதுல ஒருத்தரு லீவு போட்டா மத்தவருதான் வாத்தியாரு, எச்.எம்., மணியடிக்கிறவரு. நடுவுல செல்போனுல, எமிஸ்னு அரசாங்கக் கணக்குல வருகை ஏத்தணும். புள்ள "டீச்சர், ஒண்ணுக்கு"ன்னு கால பின்னிக்கினு நிக்கும். டீச்சரு நெட்டு வரலன்னு ஜன்னலாண்ட போனைத் தூக்கிப் புடிச்சுக்கினு நிக்கும்.

திட்டத்துக்கு வைக்கிற பேருக்கு மட்டும் நம்மகிட்ட பஞ்சமே கெடையாது. 2007-ல அட்டை வச்சுப் படிக்கிறதுன்னாங்க. கொரோனாவுக்கு அப்பால 2022-ல எண்ணும் எழுத்தும்னாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்களப் பிரிச்சாங்க. பூக்கடை மாதிரி இருக்கேன்னு நானும் கிண்டல் பண்ணேன். ஆனா விசயம் நல்ல விசயம் தம்பி. மூணாவதுல குந்தியிருந்தாலும் எழுத்து தெரியலன்னா எழுத்துலருந்தே ஆரம்பிங்கிறான். இத எங்க வாத்தியாரு சொல்லியிருந்தா நான் எத்தினி பெரம்படி தப்பிச்சிருப்பேன்!

நீ சொல்ற காசுப் பள்ளிக்கூடம் மட்டும் இன்னா வாழுது? 2024-ல நாடு முழுக்க கிராமம் கிராமமாப் போயி வாசிக்கச் சொல்லிப் பாத்தான், ஏசர்னு படிப்பக் கணக்கெடுக்கிறவன். அஞ்சாவது படிக்கிறதுல பாதிப் பேருக்குத்தான் ரெண்டாவது வகுப்புப் பாடத்த வாசிக்க வந்துச்சு. காசு கட்டுற புள்ளைங்களும் அந்தக் கணக்குல சேர்த்திதான். உன் மச்சான் புள்ளைய நான் பாத்தேனே. இங்கிலீஷ் பாட்ட இடுப்ப ஆட்டிக்கினு பாடுது. பஸ்சு போர்டுல இன்னா போட்டிருக்குன்னு கேட்டேன். சந்தவாசல்ங்கிற ஊரு பேர எழுத்து எழுத்தா இழுத்து, வாசலுக்கு வர்றதுக்குள்ள பஸ்சே போயிருச்சு.

வாசிப்பு கெடக்கட்டும், கணக்குக்கு வா. ஆடி வெள்ளியில நம்ம ரேணுகாம்பாள் கோயிலாண்ட பூ விக்கிற பொண்ணப் பாரு. மொழம் இருவது, மூணரை மொழம் குடுன்னு சொல்லிட்டு நூறு ரூவா நீட்டு. நீ செல்போனத் தொறக்கறதுக்குள்ள மீதி முப்பது உன் கையில இருக்கும். அதையே நோட்டுல போட்டுக் குடு, முழிக்கும். நான் சொன்னா கிழவன் உளர்றான்னுவே. நோபல் பரிசு வாங்குன அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் கல்கத்தா, டில்லி சந்தையில வேலை செய்ற புள்ளைங்கள வச்சு இதத்தான் பாத்து, 2025-ல எழுதுனாங்க. சந்தைப் புள்ளைக்குப் பள்ளிக்கூடக் கணக்கு வரல. பள்ளிக்கூடப் புள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரல. நடுவுல வாசப்படி வைக்கத்தான் ஆளில்ல.

அந்த ஆள யாரு கேக்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? அதுல முக்காவாசிப் பேரு பெத்தவங்கதான் இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளைங்க இருக்கணும்னு சட்டமே சொல்லுது. இன்னொரு வாத்தியாரு வேணும், குழாயில தண்ணி வரல, எம்புள்ளைய என் எதிர்லயே வாசிக்கச் சொல்லுங்கன்னு அங்க எழுந்து கேக்கலாம். போன கூட்டத்துக்கு நானே தடி ஊணிக்கினு போனேன். உன் பொண்டாட்டி வந்திருந்தா, டீச்சருகிட்ட நல்லாத்தான் கேள்வி கேட்டா.

உன்னத் தேடுனேன். ஆரணியில அப்ளிகேசன் வாங்க விடியக்காலையிலருந்து லைன்ல நிக்கிறதா சொன்னா.